வாய்ச்சொல் குடித்தனம்

சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த உரையாடல் பரிச்சயமாக இருக்கும். ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்போம். வீட்டுக்காரர் சிரித்தபடியே, “என்ன சார், எங்க மேல நம்பிக்கை இல்லையா?” என்பார். அதற்கு மேல் நமக்குப் பேச்சு எழாது. பத்து மாத முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, நம்பாமல் கேட்டதற்காக நாமே வெட்கப்பட்டுத் திரும்புவோம்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா, பதினோரு வருடங்களாக ஒரே அறையில் குடியிருந்தார். தட்டி வைத்து மறைத்த சமையலிடம், நான்கு குடித்தனங்களுக்கும் பொதுவான ஒரு கழிப்பறை. ஒண்டுக்குடித்தனம் என்று நம் கதைகள் எழுதியெழுதி ஒருவித ஏக்கத்தைப் பூசிவிட்ட அதே இடம்தான். சென்ற ஆண்டு வீட்டுக்காரர் வாடகையை ஒரேயடியாக இரண்டாயிரம் உயர்த்தினார். அக்கா ஆயிரம் கூட்டித் தருவதாகச் சொன்னார். மறுவாரத்திலிருந்து அவருடைய குழாயில் மட்டும் தண்ணீர் நின்றுபோனது. “நீங்க எழுதறவராச்சே தம்பி, ஒரு மனு எழுதிக் குடுங்க” என்று என்னிடம் வந்தார்.

மனு எழுத உட்கார்ந்தபோதுதான் சட்டத்தைப் படித்தேன். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விடைபெற்று, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்கிறது அது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். விசாரணை முடியுமுன்பே இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அதற்கு விலக்கு உண்டு. பத்து மாதம் நுழைவதற்கு அந்த வாசல் போதும்.

பழைய சட்டம் வாய்ச்சொல் குடித்தனத்தையும் குடித்தனமாகவே பார்த்தது. அதன் நிழலில் அற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாக நகராமல் இருந்தவர்களும் உண்டு. வீட்டுக்காரர்களின் புலம்பலிலும் நியாயம் இருந்தது. புதிய சட்டம் எல்லாவற்றையும் காகிதத்தின் மேல் நிறுத்திவிட்டது. ஒப்பந்தத்தை எழுத வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பே வாய்ச்சொல்லில் தொடங்கிய குடித்தனங்களும் எழுத்துக்கு மாற வேண்டும். அப்படி மாறாமலிருப்பது குடியிருப்பவரை வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று. எழுத மறுத்தவர் யார் என்ற கேள்வி அந்த வாசகத்தில் இல்லை. நம்பிக்கையைச் சொல்லி வாயடைத்தவருக்கே, பத்திரம் இல்லாமை பின்னாளில் ஆயுதமாகிறது.

அக்காவை அழைத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இந்த உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். வழக்கறிஞர் பொறுமையாகக் கேட்டார். பத்திரம்? இல்லை. ரசீது? இல்லை. இருந்தவை அந்த முகவரியிட்ட ரேஷன் அட்டை, எரிவாயுப் புத்தகம், மகன் கைப்பேசி வழியாக அனுப்பிய சில மாத வாடகையின் பதிவுகள். “இது போதும், முயன்று பார்க்கலாம்” என்றார் அவர்.

அன்று மாலை அக்கா வந்து மனு வேண்டாம் என்றார். “அடுத்த வீடு பாக்கப் போனா, அவங்க இவர்கிட்டதானே தம்பி விசாரிப்பாங்க?”

எந்தச் சட்டப்பிரிவிலும் இதற்குப் பதில் இல்லை. அடுத்த மாதமே காலி செய்தார். முன்பணத்தில் வெள்ளையடித்த செலவு போக மிச்சம் வந்தது.

எழுதிப் பதியும் பொறுப்பை முதலில் உரிமையாளர் மீது சுமத்த வேண்டும் என்பது என் கருத்து. வாடகை வாங்குகிறவர் அவர். பேரம் பேசும் வலுவும் அவரிடமே இருக்கிறது. எழுத்தில் இல்லாத குடித்தனத்தைக் காலி செய்யக் கேட்டு யாராவது வந்தால், கைப்பேசிப் பதிவையும் ரேஷன் அட்டையையும் ஏற்று முதலில் அந்தக் குடித்தனத்தைப் பதிவு செய்துவிட்டு, மற்றதைப் பிறகு விசாரிக்கட்டும்.

இதை வாசிக்கும் நம்மில் பலரும் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவர்கள். சட்டம் திருத்தப்படும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. குடியிருப்பவர் கேட்குமுன் நாமே பத்திரம் எழுதலாம். மாதாமாதம் ரசீது கொடுக்கலாம்.

நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், ஆறு வருடங்களாக, பத்திரமில்லாமல். இந்த மாத வாடகையைக் கொடுக்கும்போது கேட்டுவிடுவதாக இருக்கிறேன். என்ன பதில் வரும் என்று தெரியும்.