பழைய வண்டியும் புதிய கருவியும்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு சொந்த வண்டியிலேயே ஊர் செல்லும் அன்பர்கள் பெருகிவிட்டனர். ரயில்வேயில் பேனா பிடிக்கும் நமக்கு இதில் சற்று மனத்தாங்கல்தான், போகட்டும்.

நம் சங்க அன்பர் ஒருவர், நான்கு சக்கரங்களும் இழுக்கும் 2007-ஆம் ஆண்டு டீசல் வண்டியொன்றைப் பழையதாக வாங்கினார். அதன் வெப்பமானி பழுது. எஞ்சின் சூடேறினால் மணியடிக்குமென்று கேட்டு, ஓபிடி துளையில் செருகும் கருவியொன்றை வாங்கிச் செருகினார். விளக்கு எரிந்தது, அதுவே போதுமென்று புறப்பட்டார். மலைப்பாதையில் மணி அடிக்கவில்லை, ஆவிதான் வந்தது. கைக்குழந்தையுடன் நடுவெயிலில் அரைநாள்!

விளக்கு எரிந்ததே, ஏன்? பதினாறு முனைகளில் 16-ஆவது முனை பாட்டரி மின்சாரத்தைத் தருவது. செய்தி வருவதோ வேறு முனைகளில். அதன் மொழியும் வண்டிக்கு வண்டி வேறுபடும். நம் நாட்டில் பாரத் நான்காம் நிலை வண்டிகளுக்கு ஓபிடி கட்டாயமானது 2010 ஏப்ரலில். இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். அதற்கு முந்தியவற்றில் துளை பொருந்தினாலும் பேச்சு பொருந்துமென்பது நிச்சயமில்லை. எம்.எம். 540 போன்ற பழைய டீசல் ஜீப்புகளில் கணினியே கிடையாது. கருவி யாரோடு பேசும்?

வாங்குமுன், ஆறிய எஞ்சினை இயக்கிக் கருவியைக் கவனியுங்கள். எண் மெல்ல ஏறி எண்பது, தொண்ணூறு டிகிரி அளவில் நிற்கவேண்டும். ஏறாவிடில், குளிர்நீர்க் குழாயில் தனி சென்சார் வைத்த முள்மானியே உத்தமம். அன்பர் இப்போது அதைத்தான் பொருத்தியிருக்கிறார். அவர் வீட்டார் ஊரிலிருந்து திரும்ப டிக்கெட் எடுத்துக் கொடுத்தது நாமே.