தனுஷ்கோடி சுவரில் உன் பேர் எதுக்கு?

போன மாதம் சுற்றுலாவில் ராமேஸ்வரம் போனோம் அல்லவா? கோயில், தீர்த்தம், பாம்பன் பாலம் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் தனுஷ்கோடி பற்றி மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். என் மேலயும் சேர்த்துத்தான் கோபம்.

இத்தாலியில் கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை வெடித்து, பொம்பெய் என்ற ஊரே சாம்பலில் புதைந்ததை டீச்சர் சொன்னபோது வாயைப் பிளந்து கேட்டோம். நம்ம பக்கம் எரிமலை இல்லை. ஆனா ஒரே ராத்திரியில் அழிஞ்ச ஊர் நமக்கும் இருக்கு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் கடல் தனுஷ்கோடிக்குள் வந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோட தண்ணிக்குள்ள போயிருச்சு. அதுவரை சென்னையிலிருந்து ரயிலில் வந்து, அங்கேயே கப்பல் ஏறி இலங்கைத் தலைமன்னாருக்குப் போவார்களாம். ஸ்டேஷன், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். பிறகு வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது.

கம்பம் பள்ளத்தாக்குல நமக்குத் தண்ணின்னா பெரியாத்துத் தண்ணி. வந்தா நெல்லு, வரலைன்னா கவலை. தண்ணி ஊரையே தின்னும்னு அந்தச் சர்ச்சைப் பார்க்கிற வரைக்கும் நான் நம்பலை. கூரை இல்லை. பவளக்கல் சுவர் மட்டும் நிக்குது. பஸ்ஸில் அவ்வளவு சத்தம் போட்ட நாமளே பேசாம நின்னோம்.

கிட்டப் போனால் சுவர் பூரா பேரு! அம்பு விட்ட இதயம் வேற. நம்ம பசங்க ரெண்டு பேர் காம்பஸ் எடுத்துச் செதுக்கினாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன், இதைப் படிக்கும்போது அவங்களுக்கே தெரியும். சுருளி அருவியில் பாறையில் கிறுக்குகிற அதே பழக்கம். பாறையாவது தாங்கும். இது உப்புக்காத்துல அரிச்ச கல், தொட்டாலே பொடியா உதிருது.

"இடிஞ்ச சுவர்தானே, என்னைக்கா இருந்தாலும் கடல் எடுத்துக்கிடும்" என்றான் ஒருத்தன். எடுத்துக்கிடட்டும். நாம எதுக்கு முந்தணும்? மீன்பிடிக் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்காங்க. சங்கு, பாசி விற்ற அக்காவோட தாத்தா பாட்டி கும்பிட்ட சர்ச்சாகக்கூட அது இருக்கலாம்.

2017ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்தபிறகு யார் வேண்டுமானாலும் சுலபமாகப் போகலாம். வரட்டும், நல்லதுதான். ஆனா சுவர்ப்பக்கம் கை எட்டாத தூரத்தில் நிறுத்தணும். பொம்பெயில் 2024 முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. அங்கே கல்லைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், மன்னிப்புக் கடிதம் வைத்துத் திருப்பி அனுப்புகிறார்களாம்.

இதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் வரலை. சர்ச் ஓரத்தில் விழுந்து கிடந்த ஒரு துண்டை நானும் எடுத்துவந்தேன். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கு. அரையாண்டு லீவில் யாராவது ராமேஸ்வரம் போனால் என்னிடம் சொல்லுங்கள், கொடுத்து அனுப்பணும்.

- 9ஆம் வகுப்பு மாணவி