தலைக்கு மேலே ஒரு துப்புரவு



நோன்பு நெருங்கிவிட்டால் எமது வீடுகளில் ஒரு பரபரப்புத் தொற்றிக்கொள்ளும். திரைச்சீலைகள் கழற்றிக் கழுவப்படும். சுவருக்குப் பெயின்ட் பூசப்படும். அலுமாரிக்கு அடியில் ஒரு வருடமாகக் கிடந்த தூசு வெளியே வரும். பாயும் மெத்தையும் முற்றத்து வெயிலில் காயும். பெருநாளைக்கு வரும் விருந்தினரின் கண்ணில் படக்கூடிய எதுவும் தும்புத்தடிக்குத் தப்புவதில்லை.

ஆனால் கூரை? அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கட்டிலில் ஒழுகி விழும் முதல் துளிதான் எமக்கு அதை நினைவூட்டுகிறது. அப்போது வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். கூரையில் ஏற ஆளும் கிடைக்காது, ஏறவும் கூடாது.

துப்புரவை ஈமானோடு சேர்த்துச் சொல்லித்தந்த மார்க்கம் எம்முடையது. அந்தத் துப்புரவு விருந்தினர் காணும் முன் விறாந்தையோடு நின்றுவிடலாமா? கூரையின் அழுக்கு கூரையிலேயே இருப்பதுமில்லை. அது மரத்துக்குள் இறங்கும், தண்ணீருக்குள் இறங்கும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலாகவும் இறங்கும். எனவே இம்மாதம் கொஞ்சம் அண்ணாந்து பார்ப்போம்.

ஒரு பிடி சருகு செய்யும் வேலை

பலா, மா, வேம்பு என்று நிழல் தரும் மரங்கள் இலைகளையும் தருகின்றன. இந்த இலைகள் ஓட்டின் இடுக்குகளிலும், இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்திலும், பீலியிலும் சேர்கின்றன. மழை பெய்ததும் சருகு ஊறிக் கனக்கிறது. தண்ணீர் ஓட வழியில்லாமல் பின்வாங்கி ஓட்டுக்கு அடியால் உள்ளே புகுகிறது. கைமரமும் சிலாகையும் நனைகின்றன. நனைந்த மரம் உழுத்துப் போகும், கறையானுக்கும் விருந்தாகும்.

பாசியும் அப்படித்தான். பார்வைக்குப் பச்சைக் கம்பளம் போல இருக்கும். ஆனால் அது பஞ்சைப் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெயில் வந்த பின்னும் ஓட்டை ஈரமாகவே வைத்திருக்கிறது. ஓடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் வளர்ந்தால், அந்த இடைவெளியால் தண்ணீரை உள்ளே இழுத்து விடும். ஓடு உடையாமலே வீடு ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூரையைத் தொடும் கிளைகள் இலையை மட்டும் கொண்டு வருவதில்லை. எலிக்கும் மரநாய்க்கும் அவை பாலம். சீலிங்கில் மஞ்சள் கறையும் நாற்றமும் தெரிந்தால் மேலே மரநாய் குடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலைநாட்டில் இருப்பவர்களுக்குக் குரங்கின் தொல்லையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூரையிலிருந்து ஆறடி தூரத்துக்காவது கிளைகளை வெட்டி விடுங்கள்.

பீலியில் பிறக்கும் நுளம்பு

இனி எல்லாவற்றிலும் பாரதூரமான விடயத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டில் எமது நாட்டில் 186,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோய்க்கு ஆளானார்கள். 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். டெங்கைப் பரப்பும் நுளம்புக்குக் குளமோ சாக்கடையோ தேவையில்லை. சருகு அடைத்த பீலியில் தேங்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக மாறுவதற்கு ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்களே எடுக்கும்.

இதில் பலர் அறியாத ஒன்றுண்டு. இந்த நுளம்பு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எனவே பீலியில் உள்ள தண்ணீரைச் சாய்த்து விட்டால் மட்டும் போதாது. சருகை அள்ளிய பின் உட்புறத்தைத் தும்புத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இந்த நுளம்பு வெகு தூரம் பறப்பதுமில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து ஓரிரு நூறு மீற்றருக்குள்ளேயே சுற்றித் திரியும். அப்படியென்றால் எமது பீலியில் பிறந்தது கடிக்கப் போவது யாரை? எமது பிள்ளையை, அல்லது வேலிக்கு அப்பால் இருக்கும் அயலவரின் பிள்ளையை. அயலவரின் உரிமையைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். நோன்புக் கஞ்சியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் நாம், நுளம்பையும் சேர்த்து அனுப்பலாமா? நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும் ஆகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஓட்டுக் கூரை இல்லாதவர்கள் தமக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம். கிழக்கில் இளைய மகளுக்கு மேல்மாடி எடுப்பதற்கென்று கொங்கிறீட் தட்டை அப்படியே விட்டு வைத்திருக்கும் வீடுகள் அதிகம். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் பழைய வாளி, பெயின்ட் தகரம், உடைந்த கதிரை எல்லாம் குவிந்திருக்கும். முதலில் அவற்றை அகற்றுங்கள். பின் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். அந்த இடத்தைச் சோக்கட்டியால் வட்டமிட்டு வைத்து, மேசன் வரும்போது சாந்து போட்டு மட்டப்படுத்துங்கள். அதுவரை மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கூட்டித் தள்ளுங்கள். வாரம் தவறாவிட்டால் நுளம்புக்கு வளர நாள் கிடைக்காது.

எப்போது செய்வது?

பெருநாள் துப்புரவோடு கூரையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து செல்கிறது. மழை அப்படி நகர்வதில்லை. எனவே கூரைக்குப் பிறையைப் பார்க்காமல் மேகத்தைப் பாருங்கள்.

கொழும்பு, களுத்துறை, காலி, மாவனல்லை, கண்டிப் பக்கத்தில் இருப்பவர்கள் மே மாதத்தில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்குமுன் ஒரு முறையும், ஒக்டோபர் மழைக்கு முன் இன்னொரு முறையும் செய்வது நல்லது. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு நவம்பர் தொடக்கம் ஜனவரி வரைதான் பெருமழை. அவர்கள் செப்டெம்பர் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கூரைத் தகடு காற்றில் பறந்தால் என்ன நடக்கும் என்று சொல்வார்கள். துப்புரவு செய்யும் அன்றே ஆணி கழன்ற தகட்டையும் நகர்ந்த ஓட்டையும் சரிசெய்து விடுங்கள்.

எப்படிச் செய்வது?

1. முதல் வேலை வீட்டுக்குள்ளே. நடுப்பகலில் கதவு ஜன்னல்களை மூடி இருட்டாக்கிவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரியும் இடமெல்லாம் தண்ணீர் வரும் இடம். சீலிங் இருந்தால் அதில் உள்ள கறைகளைக் கவனியுங்கள். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மேலே ஏறுபவருக்கு அது வழிகாட்டும்.

2. மழைத் தண்ணீர் சேர்க்கும் தாங்கி இருந்தால் அதற்குப் போகும் குழாயைக் கழற்றி விடுங்கள். கிணற்றை மூடுங்கள்.

3. முகட்டிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கூட்ட வேண்டும். காய்ந்திருக்கும்போதே சருகைக் கூட்டுவது இலகு. பாசியை இரும்பால் சுரண்டக் கூடாது. ஓட்டின் மேற்பரப்புத் தேய்ந்து, அடுத்த வருடம் இன்னும் அதிகமாகப் பாசி பிடிக்கும். மரத்துண்டும் தேங்காய்த் தும்பும் போதும்.

4. ஒட்டிப் பிடித்த பாசிக்கு, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தேநீர்க் கோப்பை அளவு குளோரின் திரவம் கலந்து பூசி, சற்று நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். தகரக் கூரைக்கு இது ஆகாது, துருப்பிடிக்கும். அதற்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். குளோரினோடு கழிவறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் கலக்க வேண்டாம். அதிலிருந்து எழும் நச்சுவாயு ஆளையே கொல்லக்கூடும்.

5. பீலியைக் கடைசியில் துப்புரவாக்குங்கள். சருகைக் குழாய்க்குள் தள்ளாமல் கையால் அள்ளிப் பையில் போடுங்கள். பின் மேல் அந்தத்தில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் சரி. நடுவில் தேங்கினால் பீலி தொய்ந்திருக்கிறது. தாங்கியை உயர்த்திக் கட்ட வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் கூரைக்கு வேறு சட்டம்

எமது நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு அஸ்பெஸ்டஸ் தகடுதான் கூரை. நீல அஸ்பெஸ்டஸ் 1987ஆம் ஆண்டிலேயே இங்கு தடைசெய்யப்பட்டது. ஆனால் வெள்ளை அஸ்பெஸ்டஸும் பாதுகாப்பானதல்ல. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தகடு முழுமையாகக் கிடக்கும் வரை ஆபத்துக் குறைவு. அதைத் தேய்த்து, வெட்டி, உடைத்துத் தூசாக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் மூச்சோடு உள்ளே போகின்றன. அதன் விளைவு இருபது, முப்பது வருடங்கள் கழித்துத் தெரியும்.

எனவே அந்தக் கூரையைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம். அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தையும் பயன்படுத்த வேண்டாம். மெதுவாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, மென்மையான தூரிகையால் இலைகளை மட்டும் அகற்றுங்கள். பாசி இருந்தால் இருக்கட்டும். சாதாரணத் துணி முகக்கவசம் அந்த நார்களைத் தடுக்காது. உடைந்த துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் வைப்பது, இடித்துப் பாதைக்குப் போடுவது எல்லாம் எமது ஊர்களில் வழக்கம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அந்தத் தூசை நாமே பரப்புகிறோம். அவற்றை நனைத்துத் தடித்த பையில் கட்டி அப்புறப்படுத்துவதே சரி.

மழைத் தண்ணீரும் வுழூவும்

வானிலிருந்து இறங்கும் மழை தூய்மையானது, தூய்மையாக்குவது. ஆனால் அது எமது தாங்கிக்கு வருமுன் எமது கூரையைக் கடந்துதானே வருகிறது! காகமும் புறாவும் எச்சமிடும் கூரை அது. இந்நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் பறவையின் எச்சமும் நஜீஸ்தான். வாளியில் பிடித்து வைத்த கொஞ்சத் தண்ணீரில் அது விழுந்தால் வுழூவின் கேள்வி எழுகிறது. தவிர்க்க முடியாத அளவுக்கு உள்ள சலுகையை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடல்நலப்படியும் அந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல.

பரிகாரம் எளிது. கூரையைத் துப்புரவாக வைத்திருங்கள். மழை தொடங்கியதும் முதலில் வரும் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு சேமியுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தாலே ஏறக்குறைய 90 லீற்றர் தண்ணீர் வரும். அந்த அளவையாவது விட்டுவிட்டால் பெரும்பாலான அழுக்குக் கழுவுப்பட்டுப் போய்விடும். குடிப்பதென்றால் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

ஏறுபவரும் ஒரு வீட்டின் பிள்ளை

கடைசியாக, ஆனால் கட்டாயமாக ஒன்று. கணவர் கடல் கடந்து தொழில் செய்யும் வீடுகளில் இந்த வேலையை ஆள் பிடித்துச் செய்விப்பது சகோதரிகளின் பொறுப்பாகிறது. குறைந்த கூலிக்கு வருகிறான் என்று தெருவில் போகும் பையனைக் கூரையில் ஏற்றாதீர்கள். கூரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவருக்கு எந்தக் கூலி ஈடாகும்?

ஏணி நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். கூரை விளிம்புக்கு மேலும் மூன்றடி நீண்டிருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி உறுதியான மரத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். ஓட்டின் நடுவில் மிதிக்காமல், சிலாகைக்கு நேராகக் கால் வைக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் தகட்டில் நேரடியாக மிதிக்கவே கூடாது, திடீரென்று உடைந்து கொடுக்கும். அதற்கு ஏணியில் நின்றபடி நீளத் தடியால் செய்வதே மேல். வீட்டுக்கு மின்சாரம் வரும் கம்பி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டுங்கள். மழை தூறும்போது வேண்டாம். நோன்பு பிடித்த உடம்போடு வெயிலில் ஏற்றவும் வேண்டாம். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் முடிக்கட்டும்.

சுற்றுத் தடுப்பு இல்லாத மாடியில் இரவில் உறங்குவதைக்கூட நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அல்லாஹ்வின் மேல் தவக்குல் வைப்பது கயிறு கட்டாமல் ஏறுவதல்ல. வேலை முடிந்து இறங்கியவருக்குத் தேநீரோடு கூலியையும் தாமதமில்லாமல் கொடுத்தனுப்புங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, வீட்டு ஆண்களை ஒரு தடவை முற்றத்தில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். பீலியில் செடி முளைத்திருந்தால் அவர்களுக்கே விளங்கும். எமது வீடுகளையும் அயலவர் வீடுகளையும் நோயிலிருந்தும் இடரிலிருந்தும் அல்லாஹ் காத்தருள்வானாக!