ஆஃப் சீசன் என்பது ஆடித் தள்ளுபடி அல்ல!

"டிசம்பர்ல போனா பாதி விலைடா மச்சி. ஒரு நைட் தங்கினா போதும். காலைல பலூன் ஏறிட்டு, சாயங்காலம் இஸ்தான்புல் திரும்பிடலாம்."

டிகிரி முடித்து முதல் சம்பளம் வாங்கியதும் கப்படோக்கியா போவது என்று எங்கள் வகுப்பில் ஒரு கோஷ்டி முடிவு செய்திருக்கிறது. அவர்களின் மாஸ்டர் பிளான்தான் மேலே சொன்னது. இதே பிளானை இணையத்தில் முன்பின் தெரியாத பலரும் ஒப்பிப்பதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பதிவை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. நண்பர்களே, நீங்கள் எல்லோரும் பி.காம் படித்தவர்கள்தானே? கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்கள் ஐயா!

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கப்படோக்கியா துருக்கியின் நடுப்பகுதியில் இருக்கிறது. பைபிள் படித்தவர்கள் 'கப்பத்தோக்கியா' என்று பார்த்திருப்பீர்கள், அதே ஊர்தான். எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையாகி, மழையும் காற்றும் அரித்து, கூம்பு கூம்பாக நிற்கும் நிலம். அந்தப் பாறைகளைக் குடைந்து வீடும் தேவாலயமும் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். 1985-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. வானிலை ஒத்துழைத்தால் விடிகாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட பலூன்கள் ஒரே நேரத்தில் மேலே எழும்பும். நீங்கள் ரீல்ஸில் பார்த்து வாய் பிளந்தது அதைத்தான்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சீசன். நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. உடனே நம்ம ஆட்கள் இதை ஆடித் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் கோளாறே.

ஆடியில் வாங்கினாலும் தீபாவளிக்கு வாங்கினாலும் அது அதே புடவைதான். விலை மட்டும்தான் வேறு. குளிர்கால பலூன் டிக்கெட் அப்படி இல்லை. ஜூலையில் நீங்கள் வாங்குவது 'அநேகமாகப் பறப்பேன்' என்ற பொருள். ஜனவரியில் வாங்குவது 'பறந்தாலும் பறப்பேன்' என்ற பொருள். காற்று, பனிமூட்டம், பனிப்பொழிவு என்று குளிர்காலத்தில் ரத்தாகும் நாட்கள் மிக அதிகம். சில சமயம் நாலைந்து நாள் தொடர்ந்து ஒரு பலூன்கூட எழும்பாது. ஆக விலை குறைந்திருக்கிறது என்றால் பொருளே மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ரத்து செய்வது யார்? பலூன் கம்பெனி முதலாளியா? இல்லை. துருக்கி சிவில் விமானத் துறையின் கட்டுப்பாட்டில் கொடி முறை ஒன்று இருக்கிறது. பச்சை என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் காத்திரு, சிவப்பு என்றால் வீட்டுக்குப் போ. ஒரு பகுதிக்குச் சிவப்பு விழுந்தால் அங்கே எந்தக் கம்பெனியும் பறக்க முடியாது. பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி, அதிகக் காசு வாங்குகிறவன், குறைவாக வாங்குகிறவன், எல்லோருக்கும் ஒரே கொடி. ஆகவே "எங்க கிட்ட புக் பண்ணா பலூன் கேரண்டி" என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால், அவர் காற்றை விலைக்கு வாங்கிவிட்டார் என்று அர்த்தம். அல்லது புளுகுகிறார். எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் :-)

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஏஜென்ட் மேல்கூட இல்லை. ரத்தான பிறகு சிலர் எழுதும் விமர்சனங்கள் மேல்தான். "வெயில் நல்லாத்தான் அடிச்சுது, வேணும்னே கேன்சல் பண்ணிட்டாங்க", ஒரு ஸ்டார். "பைலட்டுக்கு தைரியம் இல்லை", ஒரு ஸ்டார். தைரியமா? ஐயா, அது பலூன்!

பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. பைலட்டால் செய்ய முடிந்தது மேலே ஏற்றுவது, கீழே இறக்குவது, இவ்வளவுதான். ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் அடிக்கும். தனக்கு வேண்டிய திசையில் அடிக்கும் அடுக்கைத் தேடிப் பிடித்து அதில் மிதப்பதுதான் அவர் வித்தை. பொள்ளாச்சி பலூன் திருவிழாவில் கிளம்பிய ஒரு பலூன் 2025 ஜனவரியில் கேரள எல்லையைத் தாண்டிப் போய் பாலக்காட்டு வயலில் இறங்கியதே, நினைவிருக்கிறதா? காற்று இழுத்த பக்கம் போகிற வண்டி அது. பிரேக்கும் கிடையாது. காற்று என்ன வேகமோ, கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் கூடை தரையைத் தொடும். மேலே வெயில் பளிச்சென்று இருக்கலாம். தரையில் காற்று பலமாக இருந்தால் கூடை சாய்ந்து, ஆட்களோடு இழுபடும்.

இது பயமுறுத்தல் அல்ல, நடந்தது. 2017 மார்ச்சில், அதாவது நம்ம ஆட்கள் 'மலிவு' என்று குறித்து வைத்திருக்கும் அதே மாதத்தில், பலத்த காற்றில் பலூன்கள் மோசமாகத் தரையிறங்கி 49 பேர் காயமடைந்தார்கள். அடுத்த மாதமே ஒரு பலூன் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு பிரான்ஸ் நாட்டுப் பயணி ஒருவர் இறந்தார். 2022 அக்டோபரில் தரையிறங்கும்போது நடந்த விபத்தில் ஸ்பெயின் நாட்டுப் பயணிகள் இருவர் இறந்தார்கள். 2025 ஜூனில் பக்கத்து அக்சராய் மாகாணத்தில் ஒரு பைலட்டே பலியானார். இத்தனைக்கும் பல ஆயிரம் பயணங்கள் ஒன்றும் ஆகாமல் முடிகிற இடம் அது. அப்படி முடிவதற்குக் காரணமே, 'இன்றைக்கு வேண்டாம்' என்று ஒருவர் சொல்வதுதான்.

ரத்து என்பது சேவைக் குறைபாடு அல்ல. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சேவையில் பாதி அதுதான். ஒரு ஸ்டார் போடும் ஒவ்வொருவரும், அடுத்த முறை சந்தேகமான வானத்தில் 'சரி ஏற்றிவிடலாம்' என்று ஒரு கம்பெனி யோசிக்கக் காரணமாகிறார்கள். அந்தக் கூடையில் உங்கள் அம்மா நிற்கலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, குளிர்காலத்தில் ஒரு காலை பறப்பதற்கு வாய்ப்பு பாதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு இரவு தங்கினால் பறக்க வாய்ப்பு 50 சதவீதம். இரண்டு இரவு என்றால் 75. மூன்று இரவு என்றால் 87.5. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்று காற்று என்றால் நாளையும் காற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், நாணயம் சுண்டுவது போல அல்ல. ஆகவே உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும்.

இப்போது செலவைப் பாருங்கள். விசா, சர்வதேச டிக்கெட், இஸ்தான்புல்லிலிருந்து கெய்சேரிக்கோ நெவ்ஷெஹிருக்கோ உள்ளூர் விமானம், எல்லாம் நிலையான செலவு. ஒரு இரவு தங்கினாலும் நாலு இரவு தங்கினாலும் மாறாது. கூடுதலாக ஒரு இரவு தங்கும் மார்ஜினல் காஸ்ட் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. ஆஃப் சீசனில் உண்மையிலேயே மலிவாகக் கிடைப்பது அதுதான், ஹோட்டல் அறை! எது மலிவோ அதில் மிச்சம் பிடித்து, எது நிச்சயமில்லையோ அதில் மொத்த ஆசையையும் கட்டுகிறார்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை.

எனவே போகிறவர்களுக்கு என் யோசனை:

1. குறைந்தது மூன்று இரவு, முடிந்தால் நாலு. ஆஃப் சீசனில் மிச்சமாகும் பணத்தை ஷாப்பிங்குக்கு ஒதுக்காதீர்கள், நாட்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

2. கப்படோக்கியாவைப் பயணத்தின் ஆரம்பத்தில் வையுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முந்தின நாள் அங்கே போய் நிற்காதீர்கள்.

3. பலூனை முதல் காலைக்கே புக் செய்யுங்கள். ரத்தானால் மீதி நாட்கள் கையிருப்பு. தொடர்ந்து சில நாள் ரத்தானால் காத்திருப்போர் கூட்டம் சேர்ந்து, ஆஃப் சீசனிலும் விலை எகிறும். இது டிமாண்ட்-சப்ளை முதல் பாடம்.

4. வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

"இவ்வளவு ரிஸ்க் இருந்தா எதுக்குப் போகணும், பேசாம சீசன்லயே போகலாமே" என்று ஒரு எதிர்க்கோஷ்டி கிளம்பும். அவர்களோடும் எனக்குச் சண்டைதான். பலூன் இல்லாவிட்டால் ஊரே வீண் என்று சொல்வது, தேர் ஓடாத நாளில் திருவாரூரில் என்ன இருக்கிறது என்று கேட்பது மாதிரி. டெரின்குயு நிலத்தடி நகரம் சுமார் 85 மீட்டர் ஆழம். மேலே பனி கொட்டினாலும் உள்ளே வெப்பநிலை பெரிதாக மாறாது. கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பாறைக்குள் குடைந்த தேவாலயங்களையும் சுவரோவியங்களையும் நெரிசல் இல்லாமல் நின்று பார்க்கலாம். அவனோஸில் கிஸிலிர்மாக் ஆற்றுச் செம்மண்ணில் பானை வனைகிறார்கள். 3,917 மீட்டர் உயர எர்ஜியஸ் மலை பனி போர்த்தி நிற்கும். இதற்கெல்லாம் கொடி பச்சையாக வேண்டிய அவசியமே இல்லை.

சோம்பேறிகளுக்கு ஒரு போனஸும் உண்டு. துருக்கி 2016-லிருந்து வருடம் முழுக்க ஒரே நேரத்தைக் கடைப்பிடிப்பதால், ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்க எட்டு மணி ஆகிவிடும். ஜூனில் ஐந்தே காலுக்கே உதித்துவிடும். ஒன்பது மணி வகுப்புக்கே லேட்டாக வரும் நம்ம பசங்களுக்கு எந்த மாதம் ஏற்றது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஆக, ஆஃப் சீசனில் தாராளமாகப் போங்கள். ஆனால் ஊரைப் பார்க்கப் போங்கள், நாட்களோடு போங்கள். பலூன் கிடைத்தால் சந்தோஷம். சிவப்புக் கொடி விழுந்தால், அந்த முடிவை எடுத்தவருக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குங்கள்.

பி.கு: ஒரு நைட் பிளான் கோஷ்டிக்கு: திட்டத்தை மாற்றாமல் போய்விட்டு வந்து ஒரு ஸ்டார் போட்டீர்கள் என்றால், உங்கள் விமர்சனத்துக்கு இங்கே தனிப் பதிவு போட்டுக் கிழிப்பேன். சொல்லிட்டேன்!