சிறு நிரலுக்குச் சோதனை எதற்கு?

‘ஐம்பது வரி நிரல்தானே, அதற்குப் போய்ச் சோதனை எதற்கு?’ என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். இலக்கியம் படிப்பவர்கள் கேட்கும் கேள்வியா இது? மெய்ப்புப் பார்க்காமல் வந்த நூல்களில் பிழைகளை வட்டமிட்டுப் பதிப்பாளரை வைதவர்கள் நாமல்லவா?

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். பழைய நூலொன்றுக்குச் சொல்லடைவு தயாரிக்கப் பைத்தானில் நாங்கள் ஒரு நிரல் எழுதினோம். தடையின்றி ஓடியது, ஒரு பிழைச் செய்திகூட இல்லை. அடைவைப் பலருக்கும் அனுப்பிவிட்டோம். ‘தம’ என்றொரு சொல்லும் ‘ழ’ என்றொரு சொல்லும் நூலில் எங்கே வருகின்றன என்று ஒருவர் கேட்ட பிறகே விழித்தோம். பைத்தானுடன் வரும் ரெஜெக்ஸ் நிரலகத்தில், சொல்லுக்குரிய எழுத்தைத் தேடும் குறி உயிர்மெய்யின் கொம்பையும் சுழியையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. ‘தமிழ்’ துண்டாகிப்போனது அப்படித்தான். பெர்ல் மொழியில் அதே குறி அவற்றையும் சேர்த்துக்கொள்கிறது.

‘கண்ணால் ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடாதா?’ என்பது அடுத்த வாதம். தெரியாது. எங்கள் அடைவில் ‘பொன்’ இரண்டு இடங்களில் இருந்தது. அச்சில் இரண்டும் ஒன்றே. குறியீட்டெண்களை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. ஒன்றில் ஒகரக் குறி ஒரே எண்ணாக இருந்தது. மற்றொன்றில் கொம்பும் காலும் தனித்தனி எண்கள். ஒப்பிடுமுன் யூனிகோடு இயல்பாக்கம் செய்திருந்தால் ஒரே வரியில் தீர்ந்திருக்கும். கண்ணை நம்பி ஒரு வாரம் தொலைந்தது.

சோதனை எழுதுவது பெரிய வித்தையுமன்று. 2001 முதல் பைத்தானோடு டாக்டெஸ்ட் என்னும் கருவி வருகிறது. ‘இதைக் கொடுத்தால் இது வரவேண்டும்’ என்று நிரலின் விளக்கக் குறிப்பிலேயே எழுதிவைத்தால் போதும். ‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து? மூன்று என்கிறோம் நாம். பைத்தான் 3 ஐந்து என்கிறது. யூடிஎஃப்-8 பைட்டுகளாக எண்ணும் பைத்தான் 2 பதினைந்து என்றது. இந்த ஒரு சொல்லையாவது சோதனையில் வைத்திருக்க வேண்டாமா?

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., கையில் கிடைத்த முதல் ஏட்டை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். நமக்கோ ஒரு கட்டளை தட்டச்சிடவும் சோம்பல்.

பொதியாக்கத்திலும் இதே அலட்சியம்தான். நிரலை மின்னஞ்சலில் இணைத்து ‘எங்கள் கணினியில் ஓடுகிறது’ என்றால் பெறுகிறவர் என்ன செய்வார்? எந்தப் பைத்தான் பதிப்பு, எந்தெந்த நிரலகங்கள் என்று ஒரு கோப்பில் எழுதிவைக்க ஐந்து நிமிடம் ஆகாது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020இலேயே முடிந்துவிட்டது. அதற்கென எழுதிய நிரல்களைப் பதிப்பெண்கூடக் குறிக்காமல் இன்னும் சுற்றுக்கு விடுகிறார்கள். பெர்லின் சீபான் கருவி ஒரு பொதியை நிறுவுமுன் வழக்கமாக அதன் சோதனைகளை ஓட்டிப் பார்க்கிறது. பைத்தானின் பிப் அதைச் செய்வதில்லை. ஏன் என்பது வேறொரு சண்டை.

பழைய அடைவை வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிடுக. திருத்தியதைச் சோதனைகளோடு அனுப்புகிறோம். எந்தச் சொல்லில் அது இடறினாலும் எழுதுங்கள். அச்சொல்லையும் சோதனையில் சேர்ப்போம்.