ஆற்றுவாய் வெட்டும் நாளை யார் குறிப்பது?

கச்சான் காற்று ஓய்ந்து வாடை தலைகாட்டும் காலம் வந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஒரே கேள்வி எழும்: "ஆற்றுவாய் எப்போது வெட்டுவார்கள்?" படுவான்கரைக் கமக்காரர் இதைக் கேட்பர். எழுவான்கரை மீனவர் கேட்பர். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாவியை அண்டி வாழும் முஸ்லிம் சகோதரரும் கேட்பர். இக்கேள்விக்கு உரிய காலத்தில், உரிய மொழியில், உரிய இடத்திலிருந்து விடை வருகிறதா? வருவதில்லை என்பதே நமது முறைப்பாடு.

கொழும்பிலே, வெள்ளவத்தைக் கடற்கரையை நோக்கி நிற்கும் அடுக்குமாடி வீடுகளில் நம் உறவினர் பலர் வாழ்கின்றனர். அங்கே சோளகப் பருவம் நெருங்கும்போது படிக்கட்டு அருகில் ஓர் அறிவித்தல் தொங்கும். கடற்பக்கத்துச் சாளரங்களைச் சாத்துங்கள். மாடியின் நீர்வடிகால்கள் இன்ன நாளிலே துப்புரவாக்கப்படும். தண்ணீர்த் தொட்டி கழுவப்படும் நாள் இது. மின்சாரம் நின்றால் இன்னாரிடம் கூறுங்கள் என்றெல்லாம் அதிலே எழுதப்பட்டிருக்கும். சிறிய காரியந்தான். ஆயினும் அச்சிறு தாளின் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. அடுக்குமாடி வீட்டுரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், தனித்தனி வீடு உடையவர்களும் கூரை, படிக்கட்டு, வடிகால் ஆகியவற்றைப் பொதுவாக உடையவர்களே என்று கொண்டு, அப்பொதுவுடைமையைப் பேணுவதற்கு உரிமையாளரைக் கொண்ட ஒரு சபையையும் வகுத்தது. கூரை ஒழுகினால் அது ஒருவன் வீட்டுத் துன்பமன்று, எல்லோருடைய துன்பமுமாகும் என்பதே அச்சட்டத்தின் சாரம்.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நமது வாவியும் இத்தகைய பொது வீடே அன்றோ? ஆயிரமாயிரம் குடும்பங்கள் அதன் ஓரத்தில் வாழ்கின்றன. அவ்வீட்டுக்கு வடிகால்கள் இரண்டே. ஒன்று பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம். மற்றொன்று தெற்கே கல்லாற்றுப் பக்கம். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்களின் மிகுநீரும், மேற்கேயிருந்து வரும் ஆறுகளின் வெள்ளமும் ஈற்றில் இவ்வாவியில் வந்து விழுந்தே கடலை நாடவேண்டும். வடிகால் அடைபட்டால் வீடு முழுவதும் நனையும்.

அடைபடுவதும் இயல்பே. வெயில் மாதங்களிலே ஆற்றில் நீர் குன்ற, அலை கொணரும் மணல் வாயிலிலே திரண்டு அணையாகிவிடுகிறது. மாரி பிறந்து வாவி உயரத் தொடங்கும்போது அம்மணலணையை வெட்டிவிட வேண்டும். காலம் பிந்தினால் வாவியோர வட்டைகளிலே முளைத்து நிற்கும் பெரும்போகப் பயிர் நீரில் மூழ்கும். கிட்டங்கித் தாம்போதி போன்ற வழிகள் மறைந்து, படுவான்கரை தனித்தீவாகும். ஆனால் காலம் முந்தினாலும் கேடுண்டு. வாவியில் போதிய நீர் திரளாத நிலையில் வெட்டிய வாய்க்கால், மணலை அரித்து அகலப்படுத்தும் வலிவின்றி, ஓரிரு நாள் அலையிலேயே மீண்டும் தூர்ந்துவிடும். உப்புநீர் உட்புகுந்து தாழ்ந்த வயல்களைக் கெடுக்கும். வாவி மீன் கடலுக்கு இறங்கும். மறுபுறம், கடலிலே பிறக்கும் இறாற்குஞ்சு உள்ளே வந்து வளர்வதற்கும் இவ்வாயிலே வழி. ஆகவே, வெட்டும் நாள் என்பது வெறும் பொறியியற் கணக்கன்று. அது கமக்காரனின் அரிசிப் பானைக்கும் மீனவனின் உலைக்கும் இடையே சொல்லப்படும் தீர்ப்பாகும். தீர்ப்பென்றால் இரு தரப்பும் கேட்கப்படவேண்டும் என்பது சட்டம் பயின்றோர் முதலாவதாகக் கற்கும் பாடம்.

சில மாரிகளுக்கு முன்னர், படுவான்கரைச் சிற்றூர் ஒன்றின் பாடசாலை மண்டபத்திலே நாம் ஒரு கூட்டம் நடத்தினோம். முதிய கமக்காரர் ஒருவர் எழுந்தார். "தம்பி, ஆத்துவாய நேரத்தோட வெட்டாட்டி எங்கட வேளாண்மை தண்ணிக்குள்ள அழுகிப்போகும். கடன்பட்டு விதைச்சிருக்கம்," என்றார். பின்வரிசையிலிருந்து, தோணியேறி அக்கரையிலிருந்து வந்திருந்த மீனவர் ஒருவர் பதிலிறுத்தார்: "பெரியப்பா, நீங்க சொல்லுறது நியாயந்தான். வெட்ட வேணாமெண்டு நாங்க சொல்லயில்ல. வெட்டுறத்துக்கு முன்னுக்கு எங்களுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வெட்டப்படாதா? வலையெல்லாம் வாயடியில கிடக்கக்குள்ள வெட்டினா நாங்க என்ன செய்யிற?" முதியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அதுவும் சரிதான். எங்களுக்கும் ஒருத்தரும் சொல்லுறல்ல," என்று கூறி அமர்ந்தார். அன்று அம்மண்டபத்தில் இருந்த பகை அச்சொல்லோடு பாதி தணிந்தது. இரு தரப்பாரும் கேட்டது வெற்றியை அன்று. முன்னறிவித்தலையும் ஒரு சொல் சொல்லும் உரிமையையுமே கேட்டனர்.

இவ்வுரிமை புதுமையானதா? அன்று. வயலுக்கு நீர் பாய்ச்சும் காரியத்தில் இந்நாட்டுச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்னரே இதை ஒப்புக்கொண்டது. தேசாதிபதி சேர் ஹென்றி உவாட் காலத்தில் இயற்றப்பட்ட 1856 ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம், கமக்காரரின் பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலிவு தருவதையே நோக்கமாகக் கொண்டது. பின்வந்த 1946 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் காணிக்காரரின் கூட்டம் கூடும். விதைப்பு நாள், மடை திறக்கும் நாள், கடைசித் தண்ணீர் நாள் யாவும் அங்கே தீர்மானமாகும். பெரும்பான்மைத் தீர்மானம் எல்லோரையும் கட்டுப்படுத்தும். வட்டவிதானை முதல் போடியார் வரை அதற்கு அடங்குவர். குளத்திலிருந்து நீர் வயலுக்குள் வருவதற்கு இத்தகைய கூட்டம் உண்டு. அதே நீர் வயலைவிட்டு வாவி வழியே கடலுக்குப் போவதற்கு மட்டும் அத்தகைய கூட்டம் இல்லை. வரும் நீருக்குச் சட்டம். போகும் நீருக்கு உத்தியோகத்தர் தயவு! இதுவே இன்றைய நிலை.

திணைக்களங்களுக்குக் குறைவில்லை. குளத்தின் மடை ஒரு திணைக்களத்திடம், மீன் வேறொன்றிடம், கடலோரம் மற்றொன்றிடம், அனர்த்தம் பிறிதொன்றிடம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கடலோடு தொடுக்கப்பட்ட வாவியைப் பொறுத்தவரை, வாயிலிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரையே கரையோர வலயம் என்று முதலில் எல்லை குறித்தது. வாவியின் மீதிப் பெருநீளம் அதன் கண்ணுக்கு அப்பால் கிடந்தது. 2011 இல் வந்த திருத்தமே அவ்வெல்லையை விரித்தது. போதாக்குறைக்கு, 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்ட பின்னர், வாவியின் தென்முனை ஒரு கச்சேரிக்கும் மீதி மற்றொரு கச்சேரிக்கும் உரியதாயிற்று. வெள்ளமோ மாவட்ட எல்லையைப் படித்தறிந்து பாய்வதில்லை.

வரலாற்றையும் சற்றே நினைவூட்டுவோம். 1957 ஜூலை 26 ஆம் நாள் கைச்சாத்தான பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம், விவசாயமும் மீன்பிடியும் காணியும் குடியேற்றமும் வீடமைப்பும் நீர்த்திட்டங்களும் பிரதேச சபைகளிடம் இருக்கவேண்டும் என்றது. வயலும் வலையும் ஒரே சபையின் கீழ் வந்திருக்கும். அவ்வாண்டு டிசெம்பரிலேயே பெருவெள்ளம் வந்து கீழ்மாகாணத்தை அலைக்கழித்தது. அடுத்த ஏப்பிரலில் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1987 இல் மாகாண சபைகளுக்கு வழி பிறந்தது. ஆனால் 2017 இல் ஆயுள் முடிந்த கிழக்கு மாகாண சபையோ, பின்னர் ஆண்டுக் கணக்கில் தேர்தலின்றியே கிடந்தது. வடிகால் அடைபட்டது ஆற்றுவாயில் மட்டுமன்று என்பதை வாசகர் உணர்வர்.

முன்னறிவித்தல் இன்மையின் விலை என்ன? 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி, மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளையும் வீடுகளையும் சாய்த்து, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நாவலடியைத் துடைத்தெறிந்தது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாகக் கிடந்த அவ்வொடுங்கிய நிலத்து மக்களுக்கு ஓடுவதற்குக்கூட இடமிருக்கவில்லை. எஞ்சியோரிற் பலர் திராய்மடுவிலே குடியமர்த்தப்பட்டனர். அதன் பின்னர் அரசாங்கம் குறித்த தடைவலயமோ தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர்! அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டது உண்மை. ஆயினும் கடலோரத்து மனிதனைக் கேளாமலே அவன் வாசற்படியை அளந்த மனப்பான்மை தளரவில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் அறுவடையை எதிர்நோக்கிய வயல்கள் மூழ்கிக் கிடந்ததையும் நம் கமக்காரர் மறந்திரார்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வாப் புயல் இத்தீவைத் தாக்கி அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும் பழைய புண்ணே மீண்டும் வெளிப்பட்டது. எச்சரிக்கைகள் பிறமொழிகளில் முந்திவர, தமிழில் பிந்தி வந்தன, சில வேளை வரவே இல்லை என்ற முறைப்பாடு எங்கும் எழுந்தது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் கூறுகிறது. கடதாசியில் உள்ள உரிமை கழுத்தளவு நீரில் நிற்பவனுக்குப் பயன்படாது. மொழியுரிமை என்பது மேடைக்கு மட்டும் உரிய பேச்சு என்று எண்ணுவோர், புரியாத மொழியில் வந்த புயலெச்சரிக்கையை வாசித்துப் பார்ப்பார்களாக.

ஆகவே நாம் கேட்பவை இவை.

முதலாவது, ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒரு வாவிக் கூட்டம் கூடவேண்டும். இரு கரைக் கமக்காரர் அமைப்புகளும், மீனவர் சங்கங்களும், உள்ளூராட்சி மன்றங்களும், இரு மாவட்டத்து உத்தியோகத்தரும் அதிலே அமரவேண்டும். இதற்குப் புதுச்சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2011 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உள்ள விசேட முகாமைத்துவப் பிரதேச ஏற்பாட்டையே இதற்கு அடிப்படையாகக் கோரலாம்.

இரண்டாவது, ஊர்தோறும் நீர்மட்டக் கம்பம் நடப்படவேண்டும். எந்த மட்டத்தில் ஆற்றுவாய் வெட்டப்படும் என்பதை மாரிக்கு முன்னரே கூட்டம் தீர்மானித்து எழுதிவைக்கவேண்டும்.

மூன்றாவது, குளத்து வான்கதவு திறக்குமுன்னரும் ஆற்றுவாய் வெட்டுமுன்னரும், தமிழில், கோவில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள் வாயிலாகவும், கைத்தொலைபேசி வாயிலாகவும் அறிவித்தல் வரவேண்டும். நள்ளிரவில் வெட்டிவிட்டு விடியலில் அறிவிப்பது அறிவித்தலாகாது.

நான்காவது, பருவத்துக்குப் பருவம் கரையோர மக்களுக்கு ஒரு குறிப்பேடு வேண்டும். ஆவணியில் மதகும் கானும் துப்புரவாக்குதல். ஐப்பசிக்கு முன் விதைநெல்லையும் காணி உறுதிகளையும் உயர்ந்த இடத்தில் வைத்தல். கார்த்திகை, மார்கழியில் தஞ்சமடையும் கட்டடம் எது என்று அறிந்திருத்தல். வெள்ளம் வடிந்தபின் கிணறு இறைத்துக் குளோரின் இடுதல். வைகாசிக்குப்பின் உவர் ஏறும் கிணறுகளுக்குப் பதில் குடிநீர் எங்கே என்று கூறுதல். வெள்ளவத்தைப் படிக்கட்டில் தொங்கும் தாள் நமது சங்கக் கடைச் சுவரிலும் தொங்கட்டும்.

"வெள்ளம் கூட்டம் முடியும்வரை காத்திராது" என்று சில உத்தியோகத்தர் நகைப்பர். அதனாலேதான் கூட்டம் வெள்ளத்துக்கு முன் வேண்டும் என்கிறோம். மட்டம் முன்னரே குறிக்கப்பட்டிருந்தால், நீர் அம்மட்டத்தைத் தொட்ட நாளில் எவரும் எவரையும் கேட்கவேண்டியதில்லை. முறைப்பாட்டோடு கச்சேரிக்கு ஓடவேண்டிய அவசியமும், செல்வாக்குள்ளோர் தொலைபேசிக்கு அஞ்சவேண்டிய அவசியமும் உத்தியோகத்தருக்கே இராது.

நம்மவரையும் ஒரு சொல் கடிந்துகொள்ள வேண்டும். கண்ணாக்காட்டை வெட்டி, வாவியோரத்தை மண்ணிட்டு நிரப்பி, நீர் நிற்கவேண்டிய இடத்தில் மதிலும் மாடியும் எழுப்பிவிட்டு, மழை வந்ததும் "ஆற்றுவாயை வெட்டு" என்று கூக்குரலிடுவோர் நம் நடுவிலேயே உளர். படித்த உத்தியோகத்தரும் இதற்கு விலக்கல்லர். வாவியின் நிலத்தைத் திருடியவனுக்காக மீனவனின் மீனை ஏன் கடலுக்கு அனுப்பவேண்டும்? உரிமை கேட்கும் நாம் பொதுவுடைமையைக் காக்கும் கடமையையும் ஏற்கவேண்டும். கூரையைப் பெயர்த்து விற்றுவிட்டு ஒழுக்குக்கு வழக்காடுவது சட்டத்துக்கும் அடுக்காது, அறத்துக்கும் அடுக்காது.

படுவானும் எழுவானும் ஒரே நீரின் இரு கரைகள். தமிழரும் முஸ்லிம்களும், கமக்காரரும் மீனவரும் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டிருக்கும்வரை நாள் குறிக்கும் அதிகாரம் மேசைக்கு அப்பால் இருப்போரிடமே இருக்கும். அடுத்த புரட்டாசிக்கு முன் ஒவ்வோர் ஊரிலும் கமக்காரர் ஒருவரும் மீனவர் ஒருவரும் ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிடட்டும். இரு கையொப்பங்கள் ஒரே தாளில் உள்ள விண்ணப்பத்தை எந்தக் கச்சேரியும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவ்விண்ணப்பங்களைத் திரட்டிக் கொண்டுசெல்லும் பொறுப்பை நாம் ஏற்கிறோம்.