அலட்சியம் யாருடையது?

உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு காலனியில் வளர்ந்தவள் நான். நூற்பாலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த என் அக்கா, ஏழாம் மாதத்தில் தலைவலி, கண் மங்கல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரஷர்கூடப் பார்க்கவில்லை. "உங்க ஆளுக ஒழுங்கா செக்கப்புக்கே வர்றதில்ல" என்று திட்டி அனுப்பினார்கள். அன்றிரவே வலிப்பு. அக்கா பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை.

ஊர் இதை ஜன்னி என்றது, விதி என்றது. மருத்துவம் பிரீஎக்லாம்ப்சியா என்கிறது. 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இருந்தால் ஆபத்து. கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். பிரஷர் கருவியும், சிறுநீர்ப் பரிசோதனையும், தொடத் தயங்காத ஒரு கையும் போதும். மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 33 நாடுகளில் நடந்த மேக்பை ஆய்வு 2002-லேயே காட்டிவிட்டது.

செக்கப்புக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. சட்டம் சொல்லும் 26 வார பேறுகால விடுப்பில் அக்காவுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. பிறகு யாருடைய அலட்சியம் இது?

2016-ல் இதே ஊரில் சங்கரை நடுத்தெருவில் வெட்டியபோது சாதியை நாடே பார்த்தது. பிரசவ வார்டுக்கு அது அரிவாளோடு வருவதில்லை. 'உங்க ஆளுக' என்று வருகிறது.

செக்கப் நாளுக்குக் கூலி கொடுங்கள். தலைவலி என்று வரும் கர்ப்பிணிக்கு முதலில் பிரஷர் பாருங்கள். பிரசவமான பிறகும் பாருங்கள், வலிப்பு அப்போதும் வரும். கேஸ் ஷீட்டில் 'தாமதமாக வந்தார்' என்று எழுதும் முன், வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.